பாரிஸில் கடைக்குப் போவது எப்படி: ஜார்ஜ் டவுனுக்கு ஒரு தெருவாரி வழிகாட்டி

சென்னையில் ஒருவர் "பாரிஸ் போயிட்டு வரேன்" என்றால், வீட்டில் கல்யாணமோ கடை திறப்போ பள்ளிக்கூட ஆண்டுவிழாவோ நெருங்கிவிட்டது என்று அர்த்தம். 1788-இல் இங்கே வியாபாரம் தொடங்கிய தாமஸ் பாரியின் பெயர் ஒரு முனைக்குத்தான் ஒட்டியது. ஆனால் அந்த முனையிலிருந்து மேற்கே தங்கசாலை, வடக்கே மண்ணடி வரை விரியும் ஜார்ஜ் டவுன் முழுவதையுமே ஊர்க்காரர்கள் பாரிஸ் என்றுதான் சொல்வார்கள்.

முதல் தடவை வருகிறவர்கள் தி.நகருக்குப் போவதுபோலக் கிளம்பி வந்து சிரமப்படுகிறார்கள். தி.நகரில் ஒரு பெரிய கடைக்குள் நுழைந்தால் மாடிக்கு ஒன்றாக எல்லாம் இருக்கும். பாரிஸில் ஒரு தெருவுக்கு ஒரு சரக்கு. தெரு தெரியாமல் போனால் நாள் முழுக்க நடந்து, இரும்புக் குழாய்க் கடைகளுக்கு நடுவே நின்று தாம்பூலப் பை எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆகவே வாங்க வேண்டியவற்றின் லிஸ்ட்டைத் தெருவாரியாக எழுதிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

எந்தத் தெருவில் என்ன

பிராட்வே என்கிற பிரகாசம் சாலை இந்தப் பகுதியை இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்கே கடற்கரைப் பக்கம் முத்தியால்பேட்டை, மேற்கே பெத்தநாயக்கன்பேட்டை. கோட்டையை ஒட்டியிருந்த பழைய ஊரை 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் இடித்து வெட்டவெளியாக்கிய பிறகு, ஜனங்கள் வடக்கே வந்து குடியேறிய இடம் இது. வியாபாரிகள், மொழிபெயர்ப்பாளர்களான துபாஷிகள், நெசவாளர்கள், பவழக்காரர்கள் என்று ஒவ்வொரு கூட்டமும் தனித்தனித் தெருவில் தங்கிற்று. தம்பு செட்டி, லிங்கி செட்டி, நைனியப்ப நாயக்கன் என்று தெருப் பெயர்களிலேயே பழைய பெரிய மனிதர்கள் நிற்கிறார்கள். அந்தப் பழக்கம்தான் இன்றும் தெருவுக்கு ஒரு தொழிலாகத் தொடர்கிறது.

என்.எஸ்.சி. போஸ் சாலையை முதுகெலும்பாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஆட்கள் அதைச் சைனா பஜார் என்பார்கள். நகைக்கடைகள் அந்தச் சாலையிலேயே இருக்கின்றன. அதை ஒட்டி வடக்கே போகும் தெருக்களில்தான் மொத்தச் சரக்கு. கல்யாணப் பத்திரிகைக்கும் காகிதத்துக்கும் ஆண்டர்சன் தெரு. நோட்டு, டைரி, எழுதுபொருள், பை வகைகளுக்குப் பந்தர் தெரு. துணிக்குக் கோடவுன் தெரு. கண்ணாடி, படச் சட்டம் வேண்டுமென்றால் தேவராஜ முதலி தெரு. ஆஸ்பத்திரிச் சாமான், ரசாயனப் பொருள் நைனியப்ப நாயக்கன் தெருவில். நாட்டு மருந்துக்கு ராசப்ப செட்டித் தெரு. விளையாட்டுச் சாமான், ஃபேன்சி, பிறந்தநாள் பரிசுகளுக்குக் காசி செட்டித் தெருவும் நாராயண முதலி தெருவும். எவர்சில்வர் பாத்திரத்துக்குத் தங்கசாலைத் தெரு. குழாய், மோட்டார், இரும்பு உதிரிபாகம் தேடுகிறவர்கள் பிராட்வேயையும் செம்புதாஸ் தெருவையும் பார்க்கலாம். காய்கறி என்று யாராவது கொத்தவால்சாவடிக்கு வழி சொன்னால், அந்த மொத்த மார்க்கெட் 1996-லேயே கோயம்பேட்டுக்குப் போய்விட்டது என்பதை நினைவில் வையுங்கள்.

லிஸ்ட் தயாரானதும் எடையைப் பார்த்து வரிசைப்படுத்துங்கள். பத்திரிகைக்கு ஆர்டர் கொடுப்பது, துணிக்கு மேட்சிங் பார்ப்பது முதலில். பாத்திரமும் கண்ணாடியும் கடைசியில். ஒரே நாளில் நாலு தெருவுக்கு மேல் திட்டம் போடாதீர்கள். ஐந்தாவது தெருவில் சரக்கைப் பார்க்கக் கண்ணுக்குத் தெம்பிருக்காது, கடைக்காரர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வருவீர்கள்.

போகும் நாளும் நேரமும்

செவ்வாய் முதல் வெள்ளி வரை நல்லது. கடைகள் பத்து, பத்தரைக்குத்தான் முழுமையாகத் திறக்கும். பதினொன்றரைக்குள் முதல் கடையில் நின்றால், கூட்டம் கூடுவதற்கு முன் நிதானமாகப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை மொத்தக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். அன்று நடைபாதைக் கடைகள்தான் களைகட்டும். ஆடை, செருப்பு, சில்லறைச் சாமான் வாங்க அது உதவும், கல்யாண வேலைக்கு உதவாது. தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரமும் ஜூன் மாதப் பள்ளித் திறப்பும் கூடிய மட்டும் தவிர்க்க வேண்டியவை.

கார் வேண்டவே வேண்டாம். மெட்ரோ ரயிலில் உயர் நீதிமன்றம் நிலையத்தில் இறங்கினால் என்.எஸ்.சி. போஸ் சாலைத் தெருக்கள் பக்கம். வடக்குப் பகுதிக்கு மண்ணடி நிலையம். புறநகர் ரயிலில் வருகிறவர்களுக்குக் கடற்கரை நிலையம். மெட்ரோ நிலையத்தை விட்டு வெளியே வருமுன் அங்கேயே கழிப்பறைக்குப் போய்விடுங்கள். உள்தெருக்களில் அந்த வசதி அநேகமாக இல்லை. பெண்களும் பெரியவர்களும் தண்ணீர் குடிக்காமலே நாளை ஓட்டி மயங்கிப்போவது இதனால்தான்.

கணுக்காலை மூடும் தட்டைச் செருப்பு, இரண்டு தோளிலும் மாட்டும் பை, ஒரு இன்ச் டேப், பேனா. தெருவில் நடக்கும்போது பின்னாலிருந்து "ஓரம், ஓரம்!" என்று சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் சுவரோரம் ஒதுங்குங்கள். தலையில் மூட்டையோடு வருகிறவரோ மீன்பாடி வண்டிக்காரரோ நினைத்த இடத்தில் நிற்க முடியாது. திரும்பிப் பார்க்கிறவர்தான் இடிபடுவார்.

கவுண்டரில் பேசும் விதம்

உள்ளே போனதும் வரும் முதல் கேள்வி, "ஹோல்சேலா, ரீடெய்லா?" உண்மையைச் சொல்லுங்கள். பத்து பீஸ் வேண்டும் என்பவர் நூறு பீஸுக்கான விலையைக் கேட்டுப் பிறகு பத்து எடுத்தால், கடைக்காரர் அடுத்த தடவை உங்களுக்குச் சரக்கையே இறக்கிக் காட்ட மாட்டார். சரக்குக்கு ஒரு குறைந்தபட்ச அளவு உண்டு. பேனா டஜனில், பொத்தான் போன்ற சின்னச் சாமான் கிராஸில், அதாவது 144-இல், காகிதம் 500 தாள் கொண்ட ரீமில், தாம்பூலப் பை கட்டுக் கட்டாக. அளவுக்குக் கீழே வேண்டுமென்றால் அதே தெருவில் சில்லறைக் கடை எது என்று அவரையே கேளுங்கள். முகம் சுளிக்காமல் சொல்வார்கள்.

காலையில் போணி ஆகாத கடையில் அரைமணி நேரம் சரக்கைப் புரட்டிவிட்டு வெறுங்கையோடு வெளியேறாதீர்கள். முதல் ஆள் வாங்காமல் போவது வியாபாரிக்கு நாள் முழுக்க உறுத்தும். விலை மட்டும் விசாரிக்க வேண்டுமென்றால் பகல் பன்னிரண்டுக்கு மேல் கேளுங்கள், பொறுமையாகப் பதில் வரும். அண்ணே, ஐயா என்று கூப்பிட்டால் போதும். ராஜஸ்தானோ குஜராத்தோ பூர்விகமாக இருந்தாலும் கல்லாவில் இருப்பவர் நம்மைவிடச் சரளமாக மெட்ராஸ் தமிழ் பேசுவார்.

பேரம் பற்றி ஒரு வார்த்தை. மொத்தக் கடையில் விலை ஏற்கெனவே இறுகியிருக்கும். அங்கே பாதி விலைக்குக் கேட்பது மரியாதையாக இருக்காது. அளவைக் கூட்டினால் என்ன விலை என்று கேளுங்கள், அதுதான் அங்கே நடக்கும் பேரம். கூடவே இரண்டு விஷயத்தைக் கேட்டு முடித்துக்கொள்ளுங்கள்: சொன்ன விலையில் ஜிஎஸ்டி சேர்ந்ததா இல்லையா, டேமேஜ் வந்தால் மாற்றித் தருவார்களா, எத்தனை நாளுக்குள். பில்லைக் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாமல் மாற்றுவது நடக்காத காரியம்.

பத்திரிகை அடிப்பது

பாரிஸில் அதிகப் பணம் வீணாவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஆண்டர்சன் தெருவில் ஷோகேஸில் தொங்கும் கார்டுக்குச் சொல்லும் விலை பெரும்பாலும் வெற்றுக் கார்டின் விலை. அச்சுக் கூலி தனி. கவர் சேர்ந்ததா, உள்தாள் எத்தனை, ஒரு வண்ணமா இரண்டு வண்ணமா என்று கேட்டு மொத்தத்தையும் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். அச்சுக்குப் பிளேட்டோ ஸ்கிரீனோ போடும் செலவு நூறு கார்டுக்கும் ஐந்நூறு கார்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. அதனால் பட்டியலில் 300 பேர் இருந்தால் முதலிலேயே 350 அடித்துவிடுவது மேல். பிறகு ஐம்பது கார்டு மட்டும் கேட்டால் மறுபடி முழுச் செலவு, அதே டிசைன் இருப்பில் இருக்கும் என்பதும் நிச்சயமில்லை.

வாசகத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியதோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். செல்போனில் அடிக்கும் தமிழ் யூனிகோடு. பல அச்சகங்களில் இன்னும் பழைய எழுத்துருக்கள்தான். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், புள்ளி காணாமல் போகும், "ஸ்ரீ" உடையும். மாப்பிள்ளை பெயரில் ஒரு புள்ளி விழுந்துபோனால் திரையில் கண்ணுக்குத் தெரியாது, ஐந்நூறு கார்டு வந்த பிறகு தெரியும். ப்ரூஃபைக் காகிதத்தில் வாங்குங்கள். ஒருவர் கையெழுத்துப் பிரதியைச் சத்தமாகப் படிக்க, இன்னொருவர் ப்ரூஃபில் எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் போக வேண்டும். ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, கிழமை, நட்சத்திரம், முகூர்த்த நேரம் ஐந்தையும் பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பாருங்கள். தவறு அதிகம் ஒளிந்திருப்பது தமிழ்த் தேதிக்கும் கிழமைக்கும் நடுவில்தான். பார்த்து முடித்ததும் கையெழுத்தும் தேதியும் போட்டு ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாலு மூலையிலும் மஞ்சள் தடவ இடம் விடச் சொல்வதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வழவழப்பான லேமினேஷன் கார்டில் மஞ்சள் ஒட்டாது, வழிந்து எழுத்தில் இறங்கும். வாங்குமுன் ஒரு மாதிரிக் கார்டை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தடவிப் பாருங்கள். பொன்நிற மையில் ஸ்கிரீன் அச்சு அடித்த கார்டுகள் நன்றாகக் காய வேண்டும். அவசரத்தில் அடுக்கினால் ஒரு கார்டின் எழுத்து அடுத்ததன் முதுகில் ஒட்டிக்கொள்ளும். முகூர்த்த மாதத்தில் பத்து நாள் அவகாசம் கொடுங்கள். கட்டை எடுக்கும்போது நடுவிலிருந்து நாலைந்து கார்டை உருவிப் பாருங்கள், மேலே இருப்பவை எப்போதும் நன்றாகவே இருக்கும்.

துணி

கோடவுன் தெருவுக்குப் புடவையைக் கையோடு கொண்டுபோங்கள், போட்டோ போதாது. கடையின் டியூப்லைட்டில் மேட்சாகத் தெரியும் ரவிக்கைத் துணி வெயிலில் வேறு நிறம் காட்டும். துணியை வாசலுக்கு எடுத்துப்போய்ப் பார்க்கிறேன் என்றால் யாரும் தடுக்க மாட்டார்கள். மீட்டர் கணக்கு கேட்குமுன் அகலம் கேளுங்கள். 36 அங்குலத் துணியில் போதாத ஒரு மீட்டர், 44 அங்குலத்தில் தாராளமாகப் போதும். தையல்காரரிடம் இரண்டு அகலத்துக்கும் எவ்வளவு வேண்டும் என்று முன்பே எழுதி வாங்கிவிடுங்கள்.

முழுத் தானாக, அதாவது வெட்டாத முழுச் சுருளாக, எடுத்தால் முதல் இரண்டு மீட்டரையும் கடைசி இரண்டு மீட்டரையும் விரித்துப் பாருங்கள். சாயம் கூடிக் குறைந்திருப்பது முனைகளில் தெரியும். இழுபடும் பின்னலாடைத் துணியை அளக்கையில் இழுத்துப் பிடித்து அளந்தால் மீட்டருக்கு விரல்கடை குறையும். மேசைமேல் தளர்வாகப் போட்டு அளக்கச் சொல்லலாம். பருத்தி லைனிங்கைத் தைக்குமுன் ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட வேண்டும். அதைச் செய்யாமல் தைத்த பட்டு ரவிக்கை முதல் சலவையிலேயே உள்ளே சுருங்கி வெளியே புடைக்கும்.

நாட்டு மருந்து

ராசப்ப செட்டித் தெருவில் நாக்குக்கும் மூக்குக்கும் வேலை. சுக்கை ஒடித்துப் பாருங்கள். பூச்சி துளைத்திருந்தால் உள்ளே மாவாக உதிரும், நல்லது நார் தெரிய ஒடியும். கடுக்காயைக் குலுக்காதீர்கள், கையில் எடுத்துக் கனம் பாருங்கள், அதே அளவில் கனமானதே நல்லது. உள்ளிருக்கும் கொட்டையை நீக்கியே பயன்படுத்துவது வழக்கம். அதனால் இடிக்கப்போகிற அளவைவிடக் கூடுதலாக வாங்க வேண்டும். கஸ்தூரி மஞ்சளில்தான் ஏமாற்றம் அதிகம். உண்மையானது உடைத்தால் வெளிர் நிறமாக இருக்கும், கற்பூரம் போன்ற வாசனை வரும். பளீரென்ற மஞ்சள் நிறத்தில் பொடியாகக் கொடுத்தால் அது வேறு கிழங்கு. பொடியாக எதையும் வாங்காமல் முழுச் சரக்காக வாங்கி வீட்டில் காயவைத்து அரைப்பதே பாதுகாப்பு.

லேகியச் சாமான், குளியல் பொடிச் சாமான் என்று கேட்டால் கடைக்காரரே அளவோடு கட்டித் தருவார். ஒவ்வொரு பொட்டலத்திலும் பெயர் எழுதச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் சித்தரத்தையும் சுக்கும் பார்வைக்குக் குழப்பும். சேராங்கொட்டை, நேர்வாளம் போன்றவை நச்சுச் சரக்கு. வைத்தியர் எழுதிக் கொடுக்காமல் இணையத்தில் பார்த்த குறிப்பை நம்பி அவற்றைக் கேட்காதீர்கள்.

பாத்திரம்

தங்கசாலைத் தெருவில் எவர்சில்வரை எடைக்கு விற்கும் கடைகள் உண்டு. காந்தம் ஒட்டவில்லை என்றால் நல்ல எவர்சில்வர் என்பது அரைகுறை உண்மை. 304 தரத்திலும் காந்தம் ஒட்டாது, மலிவான 202 தரத்திலும் ஒட்டாது. தரத்தின் எண்ணைக் கேட்டுப் பில்லில் எழுதி வாங்குங்கள். புளியும் உப்பும் படும் பாத்திரத்துக்கு 304 எடுங்கள். சீர்வரிசைத் தட்டுக்கு மற்றது போதும். பெயர் வெட்டுவதை வாங்கிய இடத்திலேயே முடித்துக்கொள்ளலாம், எழுத்தைக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள்.

பசி வந்தால்

பகலில் சாப்பாட்டுக்காக அதிகம் மெனக்கெட வேண்டாம், ஏதாவது ஒரு சைவ மெஸ்ஸில் வயிற்றைக் கனக்காமல் முடித்துக்கொள்ளுங்கள். இந்த ஊரின் ருசி நாலு மணிக்கு மேல்தான் தொடங்குகிறது. தங்கசாலைத் தெருவில் காக்கடா ராம்பிரசாத் கடையில் ஜிலேபியைச் சுடச்சுட, பக்கத்தில் நின்று சாப்பிட வேண்டும். பார்சல் கட்டினால் பத்து நிமிடத்தில் மொறுமொறுப்பு போய்விடும். மேலே ஒரு பாதாம் பால். முறுக்கையே ரொட்டிபோல வைத்து நடுவில் வெள்ளரி, தக்காளி, சட்னி அடுக்கித் தரும் முறுக்கு சாண்ட்விச் இந்தத் தெருவின் சொந்தச் சரக்கு. இருட்டிய பிறகு என்.எஸ்.சி. போஸ் சாலையில் சீனா பாய் கடையின் நெய்ப்பொடி இட்லியும் ஊத்தப்பமும். வெங்காயம், பூண்டு சேர்க்காத ஜைனச் சமையலும் இந்தப் பகுதியில் எளிதாகக் கிடைக்கும், கேட்டால் தனியாகச் செய்து தருவார்கள்.

கிழக்கே வந்தால் கதையே வேறு. 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக உருவானது பர்மா பஜார். அவர்கள் கொண்டுவந்த அத்தோ, செகண்ட் லைன் பீச் என்ற தெருவின் தள்ளுவண்டிகளில் இன்றும் இருக்கிறது. ஆரஞ்சு நிற நூடுல்ஸ், கோஸ், வெங்காயம், பொரித்த வெங்காயம், பூண்டெண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், பேஜோ என்கிற மொறுமொறுப்பான பொரியலை நொறுக்கியது எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் போட்டுக் கையாலேயே பிசைந்து தட்டில் தட்டுவார்கள். பக்கத்தில் வாழைத்தண்டு போட்ட மொய்ங்கா சூப். அத்தோ சூடாக வராது, அதன் குணமே அப்படித்தான்; சூட்டுக்குத்தான் சூப். காரம் பழகாதவர்கள் பிசையுமுன்பே சொல்ல வேண்டும், பிசைந்த பிறகு குறைக்க வழியில்லை. அவித்த முட்டையைக் கீறிப் பொரித்த வெங்காயமும் புளித்தண்ணீரும் அடைத்துத் தருவதை ஒன்றாவது சாப்பிடுங்கள். ஆனால் அதை முழுசாக ஒரே வாயில் போட வேண்டும், கடித்தால் சட்டை போய்விடும்.

கால் வலித்தால்

நடுவில் அரைமணி உட்கார இந்தப் பகுதியில் நல்ல இடங்கள் உண்டு. அரண்மனைக்காரத் தெருவின் ஆர்மீனியன் தேவாலயம் 1772-இல் கட்டியது. சத்தமெல்லாம் வாசலோடு நின்றுவிடும். உலகின் முதல் ஆர்மீனிய இதழான அஸ்தராரை 1794-இல் இந்த ஊரிலிருந்து வெளியிட்ட பாதிரியார் ஷ்மவோனியனின் கல்லறை அங்கே இருக்கிறது. பத்திரிகை அடிக்க வந்தவர்கள் ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டிய கல் அது. பிற்பகலில் மூடிவிடுவதால் மதியத்துக்குள் போய்விடுங்கள். அதே தெருவில் அந்தோணியார் கோயில் உண்டு, செவ்வாய்க்கிழமை கூட்டம் அலைமோதும்.

தம்பு செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயில், ராசப்ப செட்டித் தெருவில் வள்ளலார் பாடிய கந்தகோட்டம், தேவராஜ முதலி தெருப் பக்கம் சென்னகேசவரும் சென்னமல்லீஸ்வரரும் அடுத்தடுத்து இருக்கும் பட்டணம் கோயில். இந்தக் கடைசிக் கோயில் முதலில் இருந்தது இப்போது உயர் நீதிமன்றம் நிற்கும் இடத்தில். பகலில் கோயில்கள் நடை சாத்தியிருக்கும், காலையிலோ மாலையிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

மூட்டையோடு திரும்புதல்

இரண்டு கைக்கு மேல் சரக்கானால் சுமை தூக்குகிறவரைக் கூப்பிடுங்கள். எந்த இடம் வரை, எத்தனை மூட்டை, எவ்வளவு கூலி மூன்றையும் தூக்குமுன் பேசி முடியுங்கள். அவர் நடக்கும் வேகத்துக்கு நம்மால் ஈடுகொடுக்க முடியாது. கடைப் பெயரும் போய்ச் சேரும் இடமும் அவருக்குத் தெரிந்திருக்கட்டும், நீங்கள் மூட்டைக்குப் பின்னால் நடங்கள்.

வெளியூர்க்காரர்கள் கடையிலேயே லாரி பார்சலில் போடச் சொல்லலாம். மூட்டையின் இரண்டு பக்கமும் பெயர், ஊர், போன் நம்பரை அழியாத மையில் எழுதச் சொல்லுங்கள், ஒரு பக்கம் உரசி அழிவது சகஜம். கூலியை இங்கே கட்டுகிறீர்களா, ஊரில் எடுக்கும்போது கட்டுகிறீர்களா என்பது ரசீதில் தெளிவாக இருக்க வேண்டும். வீடு வரை கொண்டுவருவார்களா, ஊர் கோடவுனில் நாம்தான் போய் எடுக்க வேண்டுமா என்றும் கேளுங்கள். மூன்று மூட்டை என்றால் எண்ணிக்கை மூன்று என்று ரசீதில் இருக்க வேண்டும். கண்ணாடியும் பீங்கானும் பார்சலில் வேண்டாம், அவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். ஊரில் மூட்டையை எடுக்கும்போது தையல் பிரிந்திருந்தால் கையெழுத்துப் போடுமுன் அங்கேயே பிரித்து எண்ணிப் பாருங்கள்.